வீரர் அணி தெரிந்த வரலாறு: பாரதக் களமும் காமன் பொட்டலும்

பழஞ்சமுதாயம் எதுவாயினும் தன் வீரரைத் தனித்தனியே போற்றுவதோடு அமைவதில்லை. காலத்தாலும் இடத்தாலும் ஒருவரையொருவர் கண்டிராத வீரர்களைக் கற்பனையிலே ஓரிடத்திற் கூட்டி, அணி வகுத்துப் பார்ப்பதும் அதற்கு இயல்பு. வாலியும் கும்பகருணனும் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத்தில் யாரை நிறுத்துவது என்று நம் சிறுவர் வாதாடுகின்றனர். விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வாதத்தின் உள்ளே ஒரு சமுதாயத்தின் மனம் இருக்கிறது. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், எந்த அளவுகோலாற் சேர்த்தார்கள் என்பவற்றை ஆராய்ந்தால், அவ்வீரர்களைப் பற்றி அறிவதைக் காட்டிலும் தெரிந்தெடுத்த மக்களைப் பற்றியே நாம் மிகுதியாக அறிகின்றோம். இந்த நோக்கோடு ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் தெரிவைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் கருத்து.

பல நாட்டு அணிகள்

பழைய கிரேக்கர், யாசோன் என்னும் தலைவன் பொன்மயமான ஆட்டுத்தோலைத் தேடிக் கடல் கடந்து சென்றபோது, ஏறக்குறைய ஐம்பது வீரர் அவனோடு 'ஆர்கோ' என்ற கப்பலில் ஏறினர் என்று கதை செய்தனர். வலிமைக்கு ஹெராக்கிளீஸ், இசைக்கு ஓர்பியுஸ் என அக்கப்பலில் ஆற்றல் வகைக்கு ஆள் இருந்தது. 1312ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு மொழியில் ஜாக் தே லோங்குயோன் என்பவர் ஒரு காவியத்தில் 'ஒன்பது மாவீரர்' என்ற அணியை அமைத்தார். ஹெக்டர், அலெக்சாந்தர், யூலியஸ் சீசர் ஆகிய மூவர் பழைய உலகினர். யோசுவா, தாவீது, யூதா மக்கபே ஆகிய மூவர் யூதர். ஆர்தர், சார்லமேன், காட்பிரே ஆகிய மூவர் கிறிஸ்தவர். இவருள் வரலாற்றிற் கண்டவரும் உளர். கதையில் மட்டும் வாழ்பவரும் உளர். ஐரோப்பாவின் மண்டபங்களிலும் திரைச்சீலைகளிலும் இவ்வொன்பதின்மர் நெடுங்காலம் சேர்ந்தே நின்றனர்.

நம் இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. மகாவம்சத்தின் 23ஆம் அதிகாரம், துட்டகைமுனுவின் பத்து மாவீரர் ஊர் ஊராகத் தேடிச் சேர்க்கப்பட்ட கதையை விரித்துரைக்கின்றது.

தமிழர் செய்த தெரிவோ வேறு வகையானது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என எழுவரை ஒரு வரிசையில் வைத்தார். பின்வந்தோர் இவரைக் கடையெழு வள்ளல்கள் என்றனர். இவருக்கு முன்னே முதலெழுவர், இடையெழுவர் என இரண்டு வரிசைகளையும் வகுத்தனர். முதல் வரிசையில் சகரனும் நளனும் இடம் பெற்றனர். இடை வரிசையில் கர்ணன் இருக்கின்றான். அவனோடு, கண்ணனைப் பகைத்து மாண்ட சிசுபாலனும் இருக்கின்றான்! தோற்றவன் என்றோ பகைவன் என்றோ தமிழர் அவனைத் தள்ளவில்லை. கொடுத்தானா என்ற ஒன்றையே அளவுகோலாக வைத்து, கொடுத்தவர் யாவரையும் ஒரு பந்தியில் இருத்தினர். அளவுகோல் எதுவோ அதுவே அணியின் உயிர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

பாரதம் கூறும் தெரிவு

தெரிந்தெடுக்கும் கலையை ஆழமாக ஆராய்ந்த நூல் மகாபாரதம். போர் உறுதியானபின் துரியோதனனும் அருச்சுனனும் துணை வேண்டித் துவாரகைக்குப் போயினர். கண்ணன் துயின்றுகொண்டிருந்தான். முன்னே வந்த துரியோதனன் தலைமாட்டில் அமர்ந்தான். பின்னே வந்த அருச்சுனன் காலடியில் நின்றான். கண் விழித்தவன் முதலிற் கண்டது அருச்சுனனை. "ஒரு புறம் என் நாராயண சேனை, மறுபுறம் ஆயுதம் ஏந்தாத நான். இளையவன் முதலில் கேட்கட்டும்" என்றான் கண்ணன். அருச்சுனன் ஆயுதமில்லாத ஒருவனைக் கேட்டான். சேனை தனக்குக் கிடைத்ததென்று துரியோதனன் மகிழ்ந்து சென்றான்.

இறுதியில் துரியோதனன் பக்கம் பதினோர் அக்குரோணி சேனையும், பாண்டவர் பக்கம் ஏழு அக்குரோணியும் திரண்டன. ஓர் அக்குரோணி என்பது தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350 கொண்டதென்று நூல் கணக்குச் சொல்லும். உருக்குமியின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. பெருஞ்சேனையோடு வந்த அவன், "அஞ்சுகின்றாயாயின் நான் துணை நிற்கின்றேன்" என்று அருச்சுனனிடம் பெருமை பேசினான். அருச்சுனன் சிரித்து, வேண்டா என்றான். துரியோதனனும் அவனை ஏற்கவில்லை. தன்னைத் தானே உயர்த்திக்கொண்டவனுக்கு இரு பக்கத்திலும் இடமில்லாது போயிற்று.

ஆயினும் எல்லாவற்றினும் பெரிய பாடம் கௌரவர் பாசறையில் நிகழ்ந்தது. துரியோதனன் வேண்டுகோளின்படி பீஷ்மர் இரு பக்கத்து வீரரையும் தரம் பிரித்தார். இவன் அதிரதன், இவன் ரதன் என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பிட்டு வந்தவர், கர்ணன் முறை வந்ததும் அவனை 'அர்த்தரதன்', அதாவது அரைத் தேராளி என்றார். பரசுராமர் சாபத்தையும் கவசகுண்டலம் இழந்ததையும் காரணமாகக் காட்டினார். துரோணரும் அதற்கு இசைந்தார். தோட்டத்துப் பெரியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நாள் முழுதும் மலையில் நின்றவனுக்கு 'அரைப்பேர்' போட்டால் நெஞ்சு எப்படிக் கொதிக்கும் என்பதை அவர்கள் அறிவர். அரங்கேற்ற நாள் முதலாகத் தேரோட்டி மகனென்று இகழப்பட்டு வந்த கர்ணனுக்கு, இந்த அரைப்பேர் தாங்க முடியாததாயிற்று. பீஷ்மர் களத்தில் உள்ளவரை வில்லைத் தொடேன் என்று விலகினான். பத்து நாட்போர் அவனில்லாமலே நடந்தது. பதினோர் அக்குரோணி கொண்ட அணியை முதலிற் பிளந்தது பகைவர் அம்பு என்று எண்ணுகின்றோம். அதற்கு முன்னரே தன் பக்கத்துச் சொல் ஒன்று பிளந்துவிட்டது.

பிரட்டுக் களமும் கூத்துக் களமும்

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் கங்காணிமாரின்கீழ் வந்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, ஆர்க்காடு முதலான பகுதிகளிலிருந்து, உறவுமுறைக் கூட்டங்களாகக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக வந்தோர் பலர். 1924இல் பதுளைவரை இருப்புப்பாதை வந்து சேருமுன்னரே ஊவாவின் சரிவுகளில் தேயிலை தழைத்திருந்தது.

தோட்ட வாழ்வில் நாள்தோறும் ஒரு தெரிவு நடந்தது. விடியுமுன் கொம்பு ஊதும் அல்லது தப்பு ஒலிக்கும். பிரட்டுக் களத்தில் ஆண் பெண் யாவரும் வரிசையாய் நிற்பர். இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் கான் வெட்டுக்கு என்று பெயர் கூவிப் பிரிப்பர். எந்த மலைக்குப் போவது என்பதில் தொழிலாளிக்குச் சொல் இல்லை. பகலெல்லாம் பிறரால் தெரிந்தெடுக்கப்பட்ட அம்மக்கள், இரவிலே தாம் தெரிந்தெடுக்கும் உரிமை ஒன்றைக் கைக்கொண்டனர். அதுவே கூத்துக் களம். பிரட்டில் எண்ணாய் நின்றவன் பொட்டலில் இந்திரனாய் நின்றான்.

அவர்கள் தெரிந்த அணி வியப்புக்குரியது. தமிழகத்திலே வேறு வேறு நிலப்பகுதிகளில் ஓங்கிய வீரர் கதைகள், இங்கே ஒரே லயத்தின் முன்றிலில் வந்து கூடின. காமன் பண்டிகை பெரும்பாலும் தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சிப் பகுதிகளுக்குரியது. பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டுக்கும் அதனை அடுத்த காவிரிக் கரைக்கும் உரியது. திரௌபதி வழிபாடும் பாரதக் கூத்தும் செஞ்சி, ஆர்க்காட்டுப் பக்கத்திலே தழைத்தவை. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்ற மூன்றும் மலையகத்தின் தலையாய கூத்துக்களாக அமைந்தமை, பல ஊர் மக்கள் ஒரு மக்களான வரலாற்றின் சாட்சியாகும்.

மூவகை வீரர்

முதலாவது மன்மதன். மாசி மாதத்து அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றுவர். இரவுதோறும் தப்பும் உறுமியும் முழங்க, மதனும் ரதியும் ஆடி வருவர். தேவர் துயர் தீர்க்க ஈசன் தவத்தைக் கலைக்குமாறு இந்திரன் ஓலை வருகின்றது. ரதி தடுக்கின்றாள். கடமை அழைக்கின்றதென்று மதன் செல்கின்றான். நெற்றிக் கண்ணால் எரிகின்றான். பௌர்ணமியை ஒட்டித் தகனம் நிகழும். பின்னர் ரதியின் புலம்பலுக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு ஈசன் அவனை எழுப்புகின்றார்.

இரண்டாவது பொன்னரும் சங்கரும். குன்றுடையாருக்கும் தாமரைக்கும் பிறந்த இவ்விருவரையும், இவர்தம் தங்கை அருக்காணித் தங்காளையும் கொண்டது அண்ணன்மார் கதை. கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965இல் கொங்கு நாட்டுப் பாடகரிடம் இக்கதையைப் பதிவுசெய்து, 1982இல் ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார். இந்த அணியில் அண்ணன்மார் இருவரே முதல்வர் எனினும், அவரைத் தாங்கி நிற்பவன் சாம்புவன். ஊர் ஒதுக்கிவைத்த பறை கொட்டும் குலத்திலே பிறந்தவன். கொம்பன் என்ற கொடும்பன்றியை வேட்டையாடத் துணையானது பொன்னாச்சி என்ற சிறு நாய். அதனை அற்பமென விட்டுச் சென்றபோது வேட்டை கைகூடவில்லை என்றும், அழைத்து வந்தபின்னரே கைகூடியது என்றும் பாடுவர். முடிவில் அண்ணன்மார் படுகளத்தில் மாள்கின்றனர். தங்காள் தேடி வந்து அவர்களை எழுப்புகின்றாள். மணப்பாறைக்கு அண்மையிலுள்ள வீரப்பூரில் ஆண்டுதோறும் மாசியில் நடக்கும் படுகளம், நம் தோட்டங்களிலும் நடந்தது.

மூன்றாவது அருச்சுனன். குருக்ஷேத்திரத்தில் வென்ற அருச்சுனனை நம் முன்னோர் முதன்மையாகக் கொள்ளவில்லை. நாடிழந்து வனவாசத்தில், உடன்பிறந்தாரைப் பிரிந்து தனியனாய் மலைக்குப் போய்த் தவம் செய்த அருச்சுனனையே தெரிந்தனர். அவன் முன் ஈசன் வேடனாய் வருகின்றார். வேடனென்று எண்ணி அவரோடு பொருது தோற்றுப் பாசுபதம் பெறுகின்றான். பாரவியின் கிராதார்ச்சுனீயம் என்ற வடமொழிக் காவியத்தின் பொருளும் இதுவே. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தபசு என்பாரும், பகீரதன் தபசு என்பாரும் உளர். கூத்திலோ ஐயத்துக்கு இடமில்லை. உயர்ந்த தபசு மரத்தில் வேடம் பூண்டவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவதும், மேலிருந்து வீசும் பழத்தையும் பூவையும் மக்கள் மடியேந்திப் பெறுவதும் இக்கூத்தின் மரபு.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குங்கள். எரிந்தவன் ஒருவன்; களத்தில் வீழ்ந்தவர் இருவர்; நாடிழந்து மலையேறியவன் ஒருவன். முடிசூடி வீற்றிருக்கும் வீரன் இவருள் ஒருவனும் இல்லை. மாண்டவரை மீட்பவரோ பெண்கள்: ரதி அழுது மீட்கின்றாள், தங்காள் தேடி மீட்கின்றாள். காடு வெட்டி மலை திருத்தி, உற்றாரை வழியிற் புதைத்து, பெண்ணின் கூடையால் அடுப்பெரிந்த ஒரு சமுதாயம் தன்னைத் தானே கண்ட கண்ணாடி இது. வெற்றிக்கு இவர்கள் கண்ட இலக்கணம், விழுந்தபின் எழுவதே.

இந்த அணி மூடிய அணியுமன்று. தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் ரோதைக்கு ரோதைமுனியையும், கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச் சாமியையும் நம் முன்னோர் காவலராகச் சேர்த்தனர். முனியாண்டியும் கருப்பண்ணசாமியும் மாடசாமியும் அவரோடு நின்றனர். இராவணன் பெயர் சொல்லும் அருவி எல்லையில் விழுகின்றது. வேடர் குலத்து வள்ளியை மணந்த முருகன் கதிர்காமத்தில் இருந்து, சிங்களவரும் தமிழரும் ஒருங்கே தொழ அருள்கின்றான். இத்தகைய மாகாணத்தில் வாழும் மக்களுக்கு, புதியவரைச் சேர்த்துக்கொள்ளும் மனம் வாய்த்தது இயல்பேயாம்.

வேடம் தெரிந்த முறை

வீரரைத் தெரிந்தபின் அவ்வீரராய் நிற்பவரைத் தெரிய வேண்டும். இங்கேதான் நம் வரலாற்றின் ஒளியும் இருளும் ஒருங்கே உள்ளன. ஒளி எது? வேடம் கூலிக்குக் கொடுக்கப்படவில்லை, நேர்த்தியாக ஏற்கப்பட்டது. காப்புக் கட்டியவர் விரதம் காத்தார். பகலில் மலையில் உழைத்து, இரவில் ஆடினார். எழுத்தறியாதவரும் நூற்றுக்கணக்கான பாட்டுக்களை வாத்தியார் வாய்மொழியாகக் கேட்டு மனத்தில் வைத்தனர்.

இருள் எது? இன்ன வேடம் இன்ன குடும்பத்துக்கு என்று பிறப்புப் பார்த்துப் பிரித்த இடங்கள் இருந்தன. தப்படிப்பது ஒரு குலத்தாரின் தலைவிதியென வைக்கப்பட்டது. தப்பு ஒலிக்காமல் மதன் எழுவதில்லை, படுகளம் நடப்பதில்லை. ஆயினும் தப்பை ஏந்தியவருக்குப் பந்தியில் இடமில்லை. சாம்புவனை மேடையில் வணங்கிவிட்டு, சாம்புவனுடைய குலத்தானை முற்றத்துக்கு வெளியே நிறுத்தினோம். பீஷ்மர் கர்ணனுக்குப் போட்ட அரைப்பேர், நம் காமன் பொட்டலிலும் போடப்பட்டது. ரதியாகவும் தங்காளாகவும் ஆடவரே வேடம் பூண்டனர். பெண்ணின் புலம்பலைப் பெண் பாட இடமில்லாதிருந்தது.

சிதறிய அணி

உள்ளிருந்து வந்த இக்குறையோடு வெளியிலிருந்தும் அடி விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று அரசுகள் இரண்டும் பிரித்தன. எஞ்சியோரையும் 1974இல் பாதி பாதியாகப் பகிர்ந்தன. இது வேறொரு பிரட்டு. பெயர் கூவப்பட்டவர்க்கு மறுமொழி சொல்ல இடமில்லை. தலைமன்னார்க் கப்பலில் மதன் ஏறிப்போக, ரதி வேடத்தார் இங்கே நின்ற கூத்துக் குழுக்கள் எத்தனையோ! 1984இல் அக்கப்பலும் நின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. நாடு கிடைத்தது. ஆயினும் சிதறிய வாத்தியாரும் பாட்டும் அச்சட்டத்தால் மீளவில்லை.

வாலிபர் செய்யத்தக்கவை

இளைஞர்களே, உங்கள் கையில் இப்பொழுது தெரிவு இருக்கின்றது. கூத்தைப் பழம்பெருமையென்று மேடையிற் புகழ்ந்து கைதட்டுவதால் அது வாழாது. ஆள் சேர்ந்தால்தான் வாழும். அந்த ஆட்களைச் சேர்க்கும் முறையைப் பற்றி மூன்று கருத்துக்களைப் பணிவோடு முன்வைப்போம்.

முதலாவது, வேடம் கொடுக்கும்போது குடும்பத்தையும் குலத்தையும் கேளாதீர்கள். குரலைக் கேளுங்கள், விரதம் காக்கும் உறுதியைக் கேளுங்கள். தப்பைக் கற்க விரும்பும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையாயினும் கற்கட்டும். தப்பிசைப்பவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் மதனுக்கும் ரதிக்கும் பக்கத்திலே அச்சாகட்டும். விருந்திலும் அவர் இடம் அங்கேயே ஆகட்டும். இரண்டாவது, ரதியையும் தங்காளையும் நம் சகோதரிகள் பாட விரும்பினால் தடை சொல்லாதீர்கள். கதையிலே உயிர் கொடுத்தவர் அவரே அல்லரோ! மூன்றாவது, தோட்டங்களில் இன்னும் பாட்டு நினைவிலுள்ள முதியவர்களைத் தேடிச் செல்லுங்கள். கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாக இருக்கின்றது. பாடியவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வழக்கம் கெட்டுவிடும் என்று அஞ்சுவது உங்கள் அன்பின் அடையாளம் என்பதை அறிவோம். எனினும் வழக்கத்தின் உயிர் எங்கே இருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். ரோதைமுனியைப் புதிதாகச் சேர்த்தவர் நும் பாட்டனார். சிறு நாயை அழைத்த பின்னரே வேட்டை பலித்தது என்று பாடியவரும் அவரே. சேர்த்துக்கொள்வதே நம் பழைய வழக்கம். தள்ளிவைத்தது இடையில் வந்த நோய்.

கண்ணனைக் கேட்ட அருச்சுனன், எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, நம்பிக்கையைப் பார்த்தான். வள்ளல்களை வரிசை செய்த புலவர், வென்றாரா என்று பார்க்கவில்லை. கொடுத்தாரா என்று பார்த்தனர். நம் தோட்டத்து முன்னோர், முடியைப் பார்க்கவில்லை. வீழ்ந்தபின் எழுந்தாரா என்று பார்த்தனர். அவர் தெரிந்த அணி நமக்கு உரிமையாய் வந்திருக்கின்றது. அதில் ஒருவருக்கும் அரைப்பேர் போடாமல் அடுத்த மாசிப் பிறைக்குக் கம்பம் ஊன்றுவோமாக. கதிர்காமக் கந்தன் திருவருள் முன்னிற்க!